மலர்க்கொடி சுற்றிய ஒயர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் பம்ப் நின்றுபோனது. யாரும் அதைத் தொடவில்லை. கரண்டும் போகவில்லை. கேமரா காட்டும் திரையை நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒன்றரை மில்லி என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எண் இரண்டு தடவை சிமிட்டியது, சிவப்பு விளக்கு எரிந்தது, பம்ப் வீலென்று கத்திவிட்டு நின்றது.

"தொண்ணூத்தி நாலு மெகாஹெர்ட்ஸ்ல ஃபெயில் மேடம்," என்றார் மாதவன். அந்தச் சோதனைக் கூடத்தின் இன்ஜினியர். முப்பது வயதிருக்கும். பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்க மெஷின்தான் ஃபெயில்," என்றேன் நான். "எங்க ஷெட்டுல நாப்பது தடவை ஓட்டிப் பாத்துட்டுத்தான் கொண்டாந்திருக்கேன். நாப்பது தடவையும் நிக்கல. இங்க வந்ததும் நிக்குதுன்னா யார் மேல தப்பு?"

"மறுபடி ஓட்டிக் காட்டட்டுங்களா?"

ஓட்டினார். அதே தொண்ணூற்று நான்கில் அதே மாதிரி நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவருடைய டீ கவிழ்ந்தது. அவர் நிதானமாகத் துணி எடுத்துத் துடைத்தார். அது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் விஜயராணி. வீடு ஸ்ரீரங்கம், வேலை துவாக்குடி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. மொத்தம் பதினோரு பேர். செய்த பம்ப்பைப் பாடாய்ப் படுத்திப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் தெருவே சொல்லும். நான் மறுப்பதில்லை.

இந்தப் புது பம்ப்பின் முதுகில் ஒரு போர்ட் இருக்கிறது. அதில் ஐந்து மீட்டர் ஒயரைச் செருகினால் மறுமுனை நர்ஸ் மேசையிலிருக்கும் திரைக்குப் போகும். எந்தத் தொட்டிலில் மருந்து தீரப்போகிறது, எதில் குழாய் அடைத்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் போர்ட் முழுக்க முழுக்க என் பிடிவாதம். என் பள்ளித் தோழி லூர்துராணி ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தை வார்டில் நர்ஸ். எட்டுத் தொட்டிலுக்கு அவள் ஒருத்தி. ஒரு பம்ப் கத்தினால் எது கத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். "அதுக்குள்ள பிள்ளை நீலம் பூத்துப் போயிடுதுடி," என்று ஒருநாள் சொன்னாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். மறுநாளே போர்ட்டை வரைய உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட கருவியிலிருந்து ஒயரை வெளியே நீட்டுவது விளையாட்டில்லை. செல்போன், வாக்கி டாக்கி, எஃப்எம் ரேடியோ என்று காற்றில் அலைகள் நெரிபடுகின்றன. நீண்ட ஒயர் ஏரியல் மாதிரி அத்தனையையும் இழுத்து உள்ளே விட்டுவிடும். அதற்குத்தான் இந்தச் சோதனை. சுவரெல்லாம் நீலநிறக் கூம்புகள் ஒட்டிய இரும்பு அறைக்குள் பம்ப்பை வைத்துக் கதவைச் சாத்தி, வேண்டுமென்றே அதன் மேல் ரேடியோ அலையை வீசுவார்கள். எண்பது மெகாஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். எங்கேயும் பம்ப் தடுமாறக் கூடாது. ஒயர் இல்லாமல் எங்கள் பம்ப் ஜம்மென்று ஓடியது. ஒயரை மாட்டினால் தொண்ணூற்று நான்கில் செத்தது.

"வியாழக்கிழமை ஒரு பார்ட்டி வரலைன்னுட்டாங்க மேடம்," என்றார் மாதவன், ஈரத் துணியைப் பிழிந்தபடி. "காலைல ஒம்பதுலேந்து ஒரு மணி வரைக்கும் சும்மா இருக்கு. அதை விட்டா அடுத்த மாசம்தான்."

வேறு யாராவது என்றால் நன்றி சொல்லியிருப்பார்கள். நான் "எழுதிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் முதலாளி முருகானந்தம் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். அவர் அறையில் மின்விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். காகிதம் பறக்காமலிருக்க ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கறுப்பு வளையத்தைப் பாரமாக வைத்திருப்பார். எப்போதோ ஒரு விற்பனைக்காரர் சாம்பிள் என்று கொடுத்துவிட்டுப் போனவை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து வைத்தார். உள்ளே இருபது ரப்பர் மூடிகள் இருந்தன.

"போர்ட்டை அடைச்சிடுவோம் விஜயராணி," என்றார். "சனிக்கிழமை இருபது பம்ப்பும் ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ஒயர் இல்லாத பம்ப்புக்கு பாஸ் ரிப்போர்ட் கையில இருக்கு. மூடியப் போட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மூடியை முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல.

"வியாழக்கிழமை ஒரு தடவை பாக்கறேன் சார்."

"ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கும் நின்னுச்சுன்னா மூடிதான். அப்புறம் போர்ட்டுன்னு என்கிட்ட வரக் கூடாது நீங்க."

பம்ப் எப்போது வரும் என்று கேட்க லூர்துராணி இரண்டு தடவை போன் செய்திருந்தாள். நான் எடுக்கவில்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கே ஷெட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மூலையில் தகரம் அடித்து நாங்களாகக் கட்டிய சோதனை அறை இருக்கிறது. சாமான் அறை அளவுதான். அதில் ஒரு பழைய சிக்னல் பெட்டியும் ஏரியலும். நேராகத் தொண்ணூற்று நான்கில் வைத்து அலையை வீசினேன். பம்ப் ஓடியது. அலையைக் கூட்டினேன். ஓடியது. இரண்டு மடங்காக்கினேன். அதற்கும் ஓடியது. பம்ப்பை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். எதை மாற்றினாலும் சனியன் ஒழுங்காகவே ஓடியது. நிற்கிற கோளாறைக் கண்டுபிடிக்கலாம், நிற்கவே மாட்டேன் என்கிற பம்ப்பில் என்ன கோளாறைத் தேடுவது?

ஒவ்வொரு தடவையும் மலர்க்கொடிதான் பம்ப்பை வைத்து ஒயரை மாட்டிக் கொடுத்தாள். மணப்பாறைப் பெண். இரண்டு பஸ் மாறி வருகிறாள். எங்கள் பம்ப்புகள் எல்லாம் அவள் கையால் பூட்டியவை. வீட்டில் அம்மா முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குப் போடுகிறார். இவளும் பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து சுற்றியவள்தான். அந்தப் பழக்கத்தில், மாட்டியது போக மிச்ச ஒயரை மூன்று விரலால் சுருள் சுருளாகச் சுற்றி மேசை ஓரத்தில் வைப்பாள். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாது, இடைவெளி விடாது. எடுத்துச் சாமிக்குப் படைக்கலாம் போலிருக்கும்.

பதினொன்றரை மணிக்கு எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. பம்ப் இன்னும் மணிக்கு ஒன்றரை மில்லி என்று சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. "நீ இப்படி ஓடுறதுதான் எனக்கு வினை," என்று அதைப் பார்த்துக் கத்தி, ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். சுருள் அவிழ்ந்து ஐந்து மீட்டரும் தரையில் நீளமாக விழுந்தது.

பம்ப் வீலென்று கத்திவிட்டு நின்றது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு என்னைவிட என் ஆத்திரத்துக்குத்தான் புத்தி இருந்தது.

"மலரு, அதைத் திரும்பச் சுத்து."

சுற்றினாள். பம்ப்பைப் போட்டேன். ஓடியது.

"அவிழ்த்து விடு."

அவிழ்த்தாள். நின்றது. மறுபடி சுற்றச் சொன்னேன், ஓடியது. அவிழ்க்கச் சொன்னேன், நின்றது. நாற்பத்து மூன்று வயதில் தகர அறைக்குள் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? குதித்தேன். கதவில் தலை இடித்தது. வலி தெரியவில்லை.

விஷயம் இதுதான். சுருட்டி வைத்த ஒயரே ஒரு தடுப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. நர்ஸ் மேசைக்குப் போகும் செய்தி சுருளைத் தாண்டிப் போய்விடும், ரேடியோ அலை அந்தச் சுற்றுகளிலேயே திணறி நின்றுவிடும். கல்லூரியில் படித்த பாடம், மேசை ஓரத்தில் ஒரு வருஷமாகக் கிடந்தும் என் கண்ணில் படவில்லை. சோதனைக் கூடத்தில் ஒயரை அப்படிச் சுருட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. மாதவன் விதிப்படி நீட்டி வைத்தார், பம்ப் தன் உண்மையான லட்சணத்தைக் காட்டிவிட்டது.

சுற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கும் நான்தான் காரணம். போன வருஷம் தரையில் கிடந்த ஒயரில் யாரோ கால் தட்டி ஒரு பம்ப் விழுந்து உடைந்தது. அன்றைக்கு மலர்க்கொடியை நான் வைத வசவு பக்கத்து கம்பெனி வரை கேட்டதாம். இனி ஒயர் நீட்டிக் கிடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். மறுநாளிலிருந்து ஒயர் முறுக்காகிவிட்டது.

"என் வாயாலதான் இந்த வம்பு, பாத்தியா," என்று அவளிடம் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒயரைத் துடைத்தாள். ஏன் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

முதலாளி கேட்டதும் துள்ளினார். "அப்போ சுத்தினபடியே பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி அனுப்பிடலாமே."

எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒயர் போகப்போகிற இடத்தைப் பார்க்காமல் தலையாட்ட மனசு வரவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மத்தியானமே ஸ்ரீரங்கத்துக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

லூர்துராணி கையைக் கழுவ வைத்து, காலுக்கு வேறு செருப்புக் கொடுத்து உள்ளே விட்டாள். கோடித் தொட்டிலில் தொள்ளாயிரம் கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை. அதன் பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அந்தத் தொட்டிலிலிருந்து அவள் மேசை வரை நாடாவைப் பிடித்தேன். நாலே முக்கால் மீட்டர் வந்தது.

சுருளைப் பற்றிச் சொன்னதும், "சுருட்டி வெச்சா எட்டாதே விஜி," என்றாள்.

"சுருட்டினதை அவிழ்க்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டா?"

"பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது நீ எழுதினதை யாருடி படிப்பா? கத்திரிக்கோலை எடுத்து டேக்கை வெட்டிட்டு இழுத்து மாட்டிடுவேன்." நாடாவைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுக் கேட்டாள், "சனிக்கிழமை ஒயரோடதானே வருது?"

"வரும்," என்றேன். வண்டிச் சாவியை எடுத்தேன்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் நெரிசல். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு லாரி. நடுவில் காலை ஊன்றிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. சுற்று வெளியே இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? உள்ளே இருக்கட்டுமே. பம்ப்பின் பெட்டிக்குள், போர்ட்டுக்கு நேர் பின்னால். பழைய கம்ப்யூட்டர் ஒயர்களின் நுனியில் எலியை விழுங்கின பாம்பு மாதிரி ஒரு கட்டி இருக்குமே, அதற்குள் இருப்பது ஃபெரைட் என்கிற கறுப்பு வளையம். அதற்குள் போர்ட்டுக்குப் போகும் உள் ஒயரை நாலு சுற்றுச் சுற்றினால் வெளியே நாற்பது சுற்றுச் சுற்றிய பலன். பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. நான் அந்த டிரைவரைப் பார்த்துச் சிரித்தேன். பாவம், பயந்துபோயிருப்பார்.

நல்ல வளையத்துக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். புலம்பிக்கொண்டே முதலாளி அறைக் கதவைத் தள்ளினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காகித அடுக்குகளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு கறுப்பு வளையங்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பாய்ந்து ஆறையும் அள்ளினேன். ரூமெல்லாம் காகிதம் பறந்தது. "என்னங்க இது, என்னங்க இது," என்று முதலாளி ஒவ்வொன்றாகத் துரத்தினார். வளையத்தின் மேல் தயாரித்த கம்பெனியின் பெயரும் நம்பரும் இருந்தன. அதே நம்பரைச் சொல்லி இருபதுக்கும் அப்போதே ஆர்டர் போட வைத்தேன். சனிக்கிழமை காலைக்குள் வந்துவிடும் என்றார்கள்.

உள்ளே இடம் இரண்டு விரல் அகலம்தான். நான் இரண்டு சுற்றுச் சுற்றி மூடிப் பார்த்தேன். நின்றது. மூன்று சுற்று, கொஞ்சம் தாங்கிவிட்டு நின்றது. நாலாவது சுற்று என் விரலுக்கு அடங்கவே இல்லை.

"குடுங்கக்கா," என்றாள் மலர்க்கொடி.

மூன்று விரல்தான். ஒயர் வளையத்துக்குள் போய் வந்தது, போய் வந்தது. நாலு சுற்றும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் அடங்கி உட்கார்ந்தன. பெட்டியைப் பூட்டி, ஐந்து மீட்டர் ஒயரைத் தரையில் நேராக நீட்டி, தொண்ணூற்று நான்கில் அலையை வீசினேன். ஓடியது. ஆனால் அது எங்கள் தகர அறை. ஒரு தடவை அது என்னை ஏமாற்றிவிட்டது, இனி அதை நம்ப மாட்டேன்.

"நாளைக்கு நீயும் வா மலரு. திரும்பச் சுத்த வேண்டியிருந்தா எனக்குக் கை வராது."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மாதவன் கதவைத் திறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை டீ சிந்தியதற்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பம்ப்பை நடுவில் வைத்தார், ஒயரை நீட்டினார், கேமராவைச் சரி செய்தார். "முழுச் சுத்துக்கு மூணேகால் மணி நேரம் மேடம். ஒம்பது நாப்பதுக்கு மேல ஆரம்பிச்சா முடியாது," என்று சொல்லிவிட்டு வெளியே கம்ப்யூட்டருக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். மலர்க்கொடி கடைசியாக வந்தாள். இரும்புக் கதவு சாத்தியது.

ஒன்பது இருபதுக்கு ஆரம்பித்தது. எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

எண் சிமிட்டவில்லை. தொண்ணூற்று ஐந்து வந்தது. தொண்ணூற்று ஆறு. மாதவன் என் பக்கம் திரும்பி முதல் தடவையாகச் சிரித்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது, ரங்கநாதரையா மாதவனையா. கை தூக்கியபடியே இன்னொரு தடவை திரையைப் பார்த்தபோது, கீழ்மூலையில் மேசைக்குப் பின்னால் ஏதோ வட்டமாகத் தெரிந்தது.

முறுக்கு.

மாதவன் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் எண்களில் இருந்தது. எண் நூறைத் தாண்டிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூன்று மணி நேரத்தில் ரிப்போர்ட் கையில், போர்ட் பம்ப்பில், ரப்பர் மூடி குப்பையில். ஒரு வருஷம் இதற்காக மண்டையை உடைத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசை வந்தது. நல்லாவே வந்தது.

ஆனால் லூர்துராணி டேக்கை வெட்டுவாள். கோடித் தொட்டிலுக்கு ஒயரை முழுசாக இழுத்து மாட்டுவாள். ஏதோ ஒரு வாக்கி டாக்கி வாசலில் பேசும். அந்தக் கட்டைவிரல் பாதத்துக்குப் போகிற மருந்து நின்றுபோகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் எந்தச் சோற்றைச் சாப்பிடுவது?

"நிறுத்துங்க மாதவன்."

"என்ன மேடம், நல்லாத்தானே போவுது?"

"ஒயர் சுருட்டிக் கெடக்கு. நிறுத்துங்க."

அவர் திரையைப் பார்த்தார், நிறுத்தினார். நான் மலர்க்கொடியிடம் திரும்பினேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பழக்கத்துல சுத்திட்டியா?"

"இல்லக்கா. தெரிஞ்சேதான் சுத்தினேன்." என்றாள். "உள்ள நான் சுத்தினது தாங்கலைன்னா, வெளியில இதுவாவது தாங்கட்டும்னு. போர்ட்டை அடைச்சிட்டா நீங்க தாங்க மாட்டீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. போன ஆடியிலேருந்து தெரியும். ஒரு நாள் நீங்க இல்லாதப்ப அலையைப் போட்டுட்டு ஒயரை நீட்டி வெச்சேன், நின்னுடுச்சு. சுத்தி வெச்சேன், ஓடுச்சு. மூணு தடவை பாத்தேன்."

"ஏன்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"ஒயரை எதுக்கு நீட்டினேன்னு கேப்பீங்க. ஊருக்கு அனுப்பிடுவேன்னு சொன்னீங்கல்லக்கா."

மாதவன் எழுந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு வருஷம். நான் மண்டையை உடைத்த ஒவ்வொரு நாளும் விடை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதலாளி போர்ட்டுக்கு மூடி வாங்கியதற்கு எனக்கு எவ்வளவு கோபம் வந்தது. இவள் வாய்க்கு நான் போன வருஷமே மூடி போட்டிருக்கிறேன். வெட்கம் காது வரை ஏறியது. அழுகையும் வந்தது, நேரம்தான் இல்லை.

"தப்பு என்னுதுடி," என்றேன். "இப்ப உள்ள போய் அதை அவிழ்த்து, மாதவன் சொல்ற மாதிரி நீட்டிட்டு வா. நீ உள்ள சுத்தினது தாங்கும்."

"தாங்கலைன்னா?"

"தாங்கலைன்னா மூடி போடுவோம். பொய் ரிப்போர்ட்டோட ஒரு பம்ப்பும் போகாது."

ஒன்பது முப்பத்தெட்டுக்கு மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை திரையில் ஒயர் மேசையிலிருந்து இறங்கி நீளமாகக் கிடந்தது, ஒளிக்க ஒன்றுமில்லாமல். எண்பது. எண்பத்தைந்து. மலர்க்கொடி என் முந்தானையைப் பிடித்திருந்தாள், தெரிந்து பிடித்தாளோ தெரியாமல் பிடித்தாளோ. தொண்ணூறு. மாதவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

மணிக்கு ஒன்றரை மில்லி. மணிக்கு ஒன்றரை மில்லி. எண் கல்லு மாதிரி நின்றது.

தொண்ணூற்று ஐந்து.

அப்புறம் மூன்று மணி நேரம் நாங்கள் மூவரும் உட்காரவே இல்லை. பம்ப்பை நாலு பக்கமும் திருப்பி வைத்து, நாலு பக்கமும் அலை வீசினோம். மாதவன் எனக்குச் சொல்வதை விட்டுவிட்டு மலர்க்கொடிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்குக் கடைசி எண் வந்து நின்றது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாஸ்," என்றார் மாதவன். "ஒயரோட பாஸ். நீங்க சொல்லலைன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன் மேடம்."

"செவ்வாக்கிழமை டீயைக் கொட்டினேனே, அதுக்கு மன்னிச்சுக்குங்க," என்றேன். இந்த மாதிரி நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டது கஷ்டமாக இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டு, இருபது மூடிகளையும் தூக்கிப் போடச் சொன்னேன். அவர் "அப்பாடா" என்ற சத்தத்தோடு மின்விசிறிச் சத்தமும் கேட்டது. அடுத்தது லூர்துராணி. "ஒயரை எவ்வளவு வேணா இழுத்துக்கடி," என்றேன். "கோடித் தொட்டில் பிள்ளை இன்னிக்கு இருபது கிராம் ஏறியிருக்கு," என்றாள்.

மூன்று பேரும் ஹைவே ஓரக் கடையில் டீ குடித்தோம். மாதவன் அடுத்த பார்ட்டி வந்துவிட்டது என்று ஓடினார். மலர்க்கொடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோவப்படலைன்னா ஒண்ணு சொல்லவாக்கா?"

"சொல்லு."

"பேட்டரி பாதிக்குக் கீழ போனா நம்ம பம்ப் அலாரம் சத்தம் கம்மியாவுது. பக்கத்துல இருந்தாத்தான் கேக்குது. ரெண்டு மாசமா பாக்கறேன்."

ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. இரண்டு மாசமா? நாளை மறுநாள் வண்டி கிளம்புகிறது. வாய் வரை வந்துவிட்டது. கொதிக்கிற டீயை ஒரே மடக்காக விழுங்கினேன். நாக்கு வெந்தது, அதோடு வார்த்தையும் உள்ளே போனது. பையிலிருந்து பேனாவை எடுத்து, ரிப்போர்ட் வைத்திருந்த கவரின் பின்பக்கம் 'ஒன்று: அலாரம்' என்று எழுதினேன்.

"சரி, இன்னைக்கு சாயங்காலமே பிரிச்சுப் பாத்துடலாம். வேற ஏதாவது இருக்கா?"

மலர்க்கொடி ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் ஆறு இருக்குக்கா," என்றாள்.